பேன் பார்க்கிற படம்: டெல்ஃப்ட் சமையலறையில் ஓர் எண்ணெய் ஓவியம்

மதுரையில் நாற்பது வருஷம் சினிமா பேனர் வரைந்தவன் நான். இருபதடி உயரத்துக்கு ஒரு முகம், அதில் கண் மட்டும் ரெண்டடி. ஃபிளெக்ஸ் வந்தது, சாரம் இறங்கியது, பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிப் பரண்மேல் போட்டுவிட்டேன். இப்போது வருஷா வருஷம் அக்டோபரில் மூன்று மாத விசாவில் மகள் வீட்டுக்கு, நெதர்லாந்தில் டெல்ஃப்டுக்கு வருகிறேன். அவர்கள் வேலைக்குப் போனபின் வீட்டில் நானும் ஜன்னலும்தான்.

இந்த ஊர்க்காரர்தான் வெர்மீர். 1632-இல் இங்கே பிறந்து 1675-இல் இங்கேயே இறந்து, பழைய தேவாலயத்துக்குள் புதைக்கப்பட்டவர். அவர் வரைந்த ஒரு படம்கூட இன்று இந்த ஊரில் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஒன்றாம் நம்பர் டிராம் ஏறி ஹேக் நகரத்துக்குப் போக வேண்டும். இல்லை, ரயிலில் ஆம்ஸ்டர்டாம்.

போன வருஷம் வந்தபோது பேத்தியின் பள்ளியில் பேன். இங்கே லீவு முடிந்து பள்ளி திறந்ததும் குழந்தைகளின் தலையைப் பார்க்கவென்றே சில தாய்மார்கள் வருவார்கள். அவர்களுக்கு டச்சு மொழியில் பெயரே 'பேன் அம்மா'தான். சாயங்காலம் மகள் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். அதே உட்காரல், அதே கழுத்துச் சாய்வு. நான் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் முந்தின வாரம்தான் பார்த்திருந்தேன்: வெர்மீர் காலத்து ஓவியர் பீட்டர் டி ஹோக் 1660 வாக்கில் வரைந்த படம், 52.5 செ.மீ. உயரம், 61 செ.மீ. அகலம். சுவரோடு பதித்த கட்டிலுக்கு முன்னால் தாய், மடியில் பிள்ளையின் தலை. இடப்பக்கம் திறந்த கதவு, அதற்கப்பால் இன்னொரு அறை, அதற்கும் அப்பால் தோட்டத்து வெயில். கதவைப் பார்த்தபடி ஒரு நாய்க்குட்டி. முன்னால் குழந்தை ஆய் போக ஒரு மர நாற்காலி. பேன் பார்ப்பதை வரைந்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. ஜெரார்ட் டெர் போர்ஹ் அதற்குச் சில வருஷம் முன்பே ஒரு சின்னப் பலகையில் அதே வேலையை வரைந்திருக்கிறார். அது ஹேக்கில் மௌரிட்ஸ்ஹௌஸ் மியூசியத்தில் இருக்கிறது.

அன்று ராத்திரியே கித்தான் வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு விசாக் காலம் எடுத்தது. வரைந்த விதத்தை எழுதுகிறேன். எண்ணெய் வண்ணம் கொஞ்சமாவது தொட்டவர்களுக்கு இது போதும்.

முதலில் வெளிச்சம்

பேனர்காரனுக்கு முகம்தான் முதல். முகம் வந்துவிட்டால் காசு வந்தது மாதிரி; பின்னணிக்கு ஒரு நீலத்தை இழுத்துவிட்டால் போதும். இங்கே அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டியிருந்தது. டச்சு வீட்டுப் படத்தில் சுவர்தான் கதாநாயகன். ஆள், சுவரில் விழும் வெளிச்சத்துக்குக் குறுக்கே வந்து நிற்கிறவள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரே ஒரு ஜன்னல், அதுவும் உங்களுக்கு இடப்பக்கம். வலது கைக்காரர் வரையும்போது கையின் நிழல் படத்தின்மேல் விழாமல் இருக்க இது வேண்டும். அந்த டச்சுக்காரர்கள் படங்களிலும் பெரும்பாலும் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்தே வரும். வடக்கு ஜன்னல் உத்தமம், வெயில் நேராக விழாது, நிழல் நகராது. ட்யூப்லைட்டை அணையுங்கள். பின்னால் இருக்கும் கதவையும் சாத்துங்கள், இல்லாவிட்டால் நிழல் பக்கத்தில் இரண்டாவது வெளிச்சம் புகுந்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டை வைத்து மறையுங்கள். அந்தக் காலத்து வீடுகளில் கீழ்ப்பாதிக்கு மரக்கதவு உண்டு. அதைச் சாத்தி மேலிருந்து மட்டும் வெளிச்சம் இறங்க விடலாம். நான் பேக்கிங் பேப்பரை ஒட்டினேன். நவம்பர் கடைசியில் இங்கே எட்டரை மணிக்கு விடிந்து நாலரை மணிக்கு மங்கிவிடும். உருப்படியாக ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மழை பெய்தால் அதுவும் இல்லை.

கித்தான்

சின்னதாக எடுங்கள். வெர்மீரின் பால் ஊற்றும் பெண், உலகமே அறிந்த படம், 45.5 செ.மீ. உயரம், 41 செ.மீ. அகலம்தான். நேரில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் பேனரில் அது ஒரு மூக்குத்தி. நான் எடுத்தது 50-க்கு 60. நெசவு நெருக்கமான லினன் கித்தான், சட்டத்தில் இழுத்தது. கடை கித்தானில் ஏற்கெனவே ஜெஸ்ஸோ என்கிற வெள்ளை அடிப்பூச்சைப் பூசியிருப்பார்கள். மேலே இன்னும் இரண்டு பூச்சு கொடுத்து, காய்ந்ததும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்து நெசவின் முடிச்சுகளைச் சமமாக்குங்கள். சொரசொரப்பு இருந்தால் இந்தப் பாணிக்கு ஆகாது.

வெள்ளைக் கித்தானில் நேரே வரையாதீர்கள். வெர்மீரின் அடிப்பூச்சைக் குடைந்து பார்த்தவர்கள் கண்டது ஈய வெள்ளை, சுண்ணக்கட்டி, அம்பர் மண் எல்லாம் கலந்த ஒரு சாம்பல் பழுப்பு. நான் கடைசி ஜெஸ்ஸோ பூச்சிலேயே அக்ரிலிக் அம்பரும் துளிக் கறுப்பும் கலந்துவிட்டேன். டீயில் பால் கொஞ்சம் கூடிப்போன நிறம் வரும். அதுதான் உங்கள் நடு நிறம். அதைவிட வெளுப்பானது வெளிச்சம், கறுப்பானது நிழல். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் பூசலாம். எண்ணெயின்மேல் அக்ரிலிக் பூசினால் உரிந்து வந்துவிடும்.

ஒரு குண்டூசி, ஒரு நூல்

அறையை அறையாகக் காட்டுவது கோடுதான். இதில் அவர்கள் வைத்திருந்த வித்தை நம் ஆசாரியும் கொத்தனாரும் வைத்திருக்கிற வித்தையேதான்: நூல் அடிப்பது. வெர்மீரின் பத்துக்கும் மேற்பட்ட படங்களில், கோடுகளெல்லாம் போய்ச் சேரும் புள்ளியில் ஒரு ஊசித் துளை இருக்கிறது. பால் ஊற்றும் பெண்ணின் வலது கைக்குச் சற்று மேலே அந்தத் துளை. அங்கே ஊசியைக் குத்தி, நூலைக் கட்டி, சுண்ணக்கட்டி தேய்த்து, இழுத்துச் சுண்டியிருக்கிறார் என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். படித்தபோது எங்கள் தெரு ஆசாரி ஞாபகம்தான் வந்தது.

செய்முறை இது. பார்ப்பவரின் கண் மட்டத்தில் ஒரு படுக்கைக் கோடு. அதை உயர்த்தி வைத்தால் தரை நிறையத் தெரியும், ஆள் குறுகுவாள். தாழ்த்தினால் ஆள் நிமிர்ந்து நிற்பாள். நான் உட்கார்ந்தபடி பார்த்த மட்டத்தில், மகளின் நெற்றிக்கு நேராக வைத்தேன். அந்தக் கோட்டில் ஒரு இடத்தில் குண்டூசி. கித்தானின் அடி ஓரத்தில் தரை ஓடுகளின் அகலத்தைச் சமமாகப் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊசிவரை நூலை இழுத்துச் சுண்டுங்கள். தரை உள்ளே ஓடத் தொடங்கிவிடும்.

குறுக்குக் கோடுகளை எவ்வளவு இடைவெளியில் போடுவது என்பதில்தான் எல்லோரும் கண்ணை நம்பிக் கெடுவார்கள். கண் மட்டக் கோட்டை கித்தானுக்கு வெளியே நீட்டி, அங்கே இரண்டாவது ஆணி. அதிலிருந்து கித்தானின் எதிர்ப்பக்க அடி மூலைக்கு ஒரு நூல். அந்தச் சாய்ந்த நூல் உள்ளே ஓடும் கோடுகளை எங்கெங்கே வெட்டுகிறதோ, அங்கெல்லாம் ஒரு படுக்கைக் கோடு. சதுர ஓடு சதுரமாகவே தெரியும். ஊசிக்கும் ஆணிக்கும் உள்ள தூரம்தான் பார்ப்பவர் படத்துக்கு முன் நிற்கும் தூரம். அதைக் குறைத்தால் முன்வரிசை ஓடுகள் மூலையில் கோணிக்கொள்ளும். கித்தான் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள். எனக்கு 120 செ.மீ. வந்தது. சுவரில் ஆணி அடிக்கப் போனேன். "மாமா, வாடகை வீடு," என்றார் மருமகன். ஒரு நீள ரீப்பரை வாங்கி கித்தானின் பின்னால் கட்டி, அதில் அடித்தேன்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. டச்சுப் படங்களில் வரும் கறுப்பு வெள்ளைப் பளிங்குத் தரை அந்தக் கால வீடுகளில் அப்படியொன்றும் சாதாரணமாக இருந்ததில்லை, பெரும்பாலும் மரப்பலகைதான். ஓடு போட்டால் ஆழம் காட்டச் சௌகரியம், பணக்காரக் களையும் வந்துவிடும். செட் போடுகிற வேலை எல்லா ஊரிலும் உண்டு. நான் டி ஹோக்கைப் பார்த்துச் செங்கல் நிற ஓட்டைப் போட்டுக்கொண்டேன். மகள் வீட்டில் இருப்பது லேமினேட்.

செத்த நிறம்

முதல் வண்ணப் பூச்சுக்கு டச்சுக்காரர்கள் வைத்த பெயர் டோட்ஃபெர்ஃப், அதாவது செத்த சாயம். பெயருக்கு ஏற்ற மாதிரி உயிரில்லாமல்தான் இருக்கும். ரா அம்பர், கறுப்பு, வெள்ளை, இந்த மூன்று மட்டும். டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்து, பெரிய தட்டை பிரஷ்ஷால், எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்று மட்டும் பிரியுங்கள். கண் இல்லை, விரல் இல்லை, மூக்கு இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் என்ன தெரியுமோ அது.

வெர்மீர் என்றால் பொறுமையாக அணு அணுவாக வைத்தவர் என்று ஒரு பேச்சு. 2022-இல் ரைக்ஸ்மியூசியத்தார் பால் ஊற்றும் பெண்ணை ஸ்கேன் செய்து பார்த்ததில், அடியில் கறுப்பை வேகமாக, தாராளமாக இழுத்துப் போட்டிருப்பது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அவள் தலைக்குப் பின்னால் சுவரில் குடுவைகள் மாட்டும் பலகை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். கீழே ஒரு கணப்புக் கூடையும் இருந்திருக்கிறது. இரண்டையும் மூடிவிட்டார். பின்னால் வெறும் சுவர்.

அதைப் படித்தபின் நான் என் படத்தில் வைத்திருந்த ஃப்ரிட்ஜ், காலண்டர், பேத்தியின் பள்ளிப் பை மூன்றையும் எடுத்தேன். எக்ஸாஸ்ட் ஃபேனை எடுக்க மனமில்லாமல் நாலு நாள் வைத்திருந்து, அதையும் எடுத்தேன். செத்த நிறக் கட்டத்தில் எடுப்பது சுலபம், மேலே ஒரு பூச்சு போதும். பிறகு எடுக்கப் போனால் அடியில் இருப்பது வருஷங்கள் கழித்து எட்டிப் பார்க்கும்.

அம்பர் சீக்கிரம் காயும், ஐவரி பிளாக் காய்வதற்குச் சோம்பேறி. கறுப்பைத் தனியாகப் பூசாமல் அம்பரோடு கலந்தே பூசுங்கள். இந்தப் பூச்சில் எண்ணெய் சேர்க்க வேண்டாம். அடியில் எண்ணெய் கூடி மேலே குறைந்தால், மேல் தோல் முதலில் காய்ந்து, அடி பின்னால் காய்ந்து, நடுவில் வெடிப்பு விழும். பேனருக்கு மூன்று வாரம் ஆயுள் என்பதால் இதைப் பற்றி நான் கவலைப்பட்டதே கிடையாது. இங்கே வந்து வரைந்த முதல் படத்தில் பிள்ளையின் கன்னம் ஆற்று மணல் காய்ந்தது மாதிரி வெடித்தபிறகுதான் புத்தி வந்தது.

சுவர்

இனி நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மொத்த வேலையில் பாதி இங்கேதான்.

வெள்ளைச் சுவர் வெள்ளை இல்லை. ஜன்னலோரம் போய் ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், சுவர் எத்தனை அழுக்கு என்று தெரியும். ஜன்னலுக்கு மிக அருகில் உள்ள சுவர்தான் அதிக வெளிச்சமாக இருக்கும் என்று நினைப்போம். அது தப்பு. ஜன்னல் இருக்கும் சுவரை ஒட்டிய மூலை இருட்டு, ஏனென்றால் வெளிச்சம் சாய்ந்து உள்ளே விழுகிறது. இடமிருந்து வலம் போகப் போக வெளுக்கும், பிறகு மறுபடி மங்கும். பால் ஊற்றும் பெண்ணின் சுவரைப் பார்த்தால் இதுதான்.

இதை வைத்து அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அவளுடைய வெளிச்சமான இடப்பக்கம், இருண்ட சுவருக்கு முன்னால். நிழல் விழுந்த வலப்பக்கம், வெளுத்த சுவருக்கு முன்னால். ஆக, இரண்டு பக்கமும் ஆள் சுவரிலிருந்து தானாகப் பிரிந்து நிற்கிறாள். போதாததற்கு வலது ஓரத்தில் அவள் முதுகை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. நாலடி தள்ளி நின்றால் கோடு தெரியாது, ஆள் மட்டும் முன்னே வருவாள். இதைப் பேனரிலும் செய்வோம். கதாநாயகன் தோளைச் சுற்றி ஒரு வெள்ளை வெட்டு. நாங்கள் கட்டை விரல் தடிமனில் இழுத்ததை அவர் தலைமுடி தடிமனில் இழுத்திருக்கிறார்.

கலவைக்கு என் கணக்கு: வெள்ளை எட்டு பங்கு, ரா அம்பர் ஒன்று, கறுப்பு கத்தி நுனியில். நிழல் மூலைக்கு இதோடு அல்ட்ராமரின் நீலம் ஒரு துளி. வெளிச்சம் விழும் இடத்துக்கு மஞ்சள் காவி ஒரு துளி. தட்டில் ஐந்து குவியலாக, இருட்டிலிருந்து வெளிச்சம்வரை கலந்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நடுவில் கலக்கப் போனால் நிறம் தவறும். ஒரே அமர்வில் சுவரை முடித்துவிட வேண்டும், ஈரத்தோடு ஈரம் சேர்ந்தால்தான் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரையும். பூசியபின் காய்ந்த மெத்தென்ற பிரஷ்ஷால், தூங்குகிற பிள்ளையின் முகத்தில் விசிறுவது மாதிரி, குறுக்கும் நெடுக்கும் லேசாகத் தடவுங்கள். ரொம்பத் தடவினால் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவராகிவிடும்.

அன்றைக்கு அவர்கள் வைத்திருந்த வெள்ளை, ஈய வெள்ளை. ஈயத் தகட்டை வினிகர் ஆவியில், குதிரைச் சாணச் சூட்டில் வைத்து எடுப்பது. மலிவுச் சரக்கில் சுண்ணக்கட்டியைக் கலந்து விற்பார்கள். நமக்கு அந்த விஷம் வேண்டாம், டைட்டானியம் வெள்ளை போதும். ஆனால் டைட்டானியம் முரட்டு வெள்ளை, பக்கத்து நிறத்தையெல்லாம் விழுங்கும். அதில் கால் பங்கு சுண்ணக்கட்டித் தூளை லின்சீட் எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் அடங்கும்.

சுவர் காய்ந்தபின் ஓர் ஆணி வரையுங்கள். வெர்மீர் வரைந்திருக்கிறார்; ஆணி, அதன் நிழல், பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள். என் ஆணிக்கு மூன்றே தொடுதல்: கறுப்பு அம்பரில் ஒரு சின்னக் கோடு, அதிலிருந்து வலப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்ந்த சாம்பல் நிழல், ஆணித் தலையில் ஊசி முனை வெள்ளை. அதுவரை நிறப்பூச்சாக இருந்தது அந்த நிமிஷம் சுண்ணாம்புச் சுவராகிவிட்டது. பேத்தி விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். அந்த விரல் ரேகை இன்னும் இருக்கிறது.

கதவுக்கு அப்பால்

டி ஹோக்கின் கைவரிசை இது. முன்னறை அரையிருட்டு, கதவு வழியாக இன்னொரு அறை, அதன் கதவில் வெயில். நம் கண் முதலில் போகும் இடம் தூரத்தில் இருக்கிற வெளிச்சம். பிறகுதான் திரும்பி வந்து தாயைப் பார்க்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: படத்திலேயே மிக வெளுத்த நிறம் அந்த வெயிலுக்கு மட்டும்தான். முன்னறையில் எதுவும் அதைத் தொடக் கூடாது, பிள்ளையின் வெள்ளைச் சட்டைகூட. நான் சட்டையை வெள்ளையாக வைத்துவிட்டு, வெயில் ஏன் எரியவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சட்டையைச் சாம்பலாக்கினேன், வெயில் எரிந்தது.

வெயிலுக்கு வெள்ளையோடு எலுமிச்சை மஞ்சள் துளி, காவி துளி. தரையில் அது விழும் விளிம்பைக் கத்தி மாதிரி வெட்டாமல், கொஞ்சம் ஈரத்தில் இழையவிடுங்கள். உள்ளறைப் பொருள்களின் ஓரங்கள் மங்கலாகவே இருக்கட்டும்.

நிறங்கள், ஒரு நாளைக்கு ஒரு மூலை

அந்தக் காலத்தில் குழாயில் அடைத்த வண்ணம் கிடையாது; சாயத்தூளை எண்ணெயில் அரைத்து அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாள் பாவாடை, ஒரு நாள் கை, ஒரு நாள் முகம். அதையே செய்யுங்கள். தட்டில் இருபது நிறம் வேண்டாம்.

காவி, மஞ்சள் காவி, அம்பர் எல்லாம் மண். சாதிலிங்கம் அவர்களிடமும் இருந்தது. நமக்கு கேட்மியம் சிவப்பு. பால் ஊற்றுகிறவளின் மஞ்சள் ரவிக்கை ஈயமும் தகரமும் சேர்த்துச் சுட்ட மஞ்சள். 18-ஆம் நூற்றாண்டில் அது வழக்கொழிந்து, அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோய், 1941-இல்தான் ஜெர்மனியில் மறுபடி கண்டுபிடித்தார்கள். எலுமிச்சை மஞ்சளில் வெள்ளையும் காவியும் சேர்த்தால் கிட்டத்தட்ட வரும். அவளுடைய நீல முன்துணி ஆப்கானிஸ்தான் மலையிலிருந்து வந்த கல்லை இடித்த அல்ட்ராமரின். இன்று குழாயில் வருவது தொழிற்சாலைச் சரக்கு, விலையும் சல்லிசு. அவுரி நீலமும் உண்டு. வெர்மீரின் இன்னொரு படமான முத்துத் தோடு அணிந்த பெண்ணின் இருண்ட பின்னணியில் அவுரியைக் கண்டிருக்கிறார்கள். டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் கோட்டை கட்டி உட்கார்ந்து நம் கரையிலிருந்து ஏற்றியவற்றில் அவுரியும் ஒன்று, பூப்போட்ட துணி இன்னொன்று. அந்தத் துணிக்கு டச்சில் 'சிட்ஸ்', நம்மிடம் 'சீட்டி'. ஒரே சொல்தான். மகளுக்கு அவள் அம்மாவின் பழைய சீட்டிப் பாவாடையை உடுத்தச் சொன்னதற்கு அதுதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

நீலத் துணியை முதலில் சாம்பலில் மடிப்பு மடிப்பாக முடித்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் அல்ட்ராமரினில் லின்சீட் எண்ணெய் விட்டு, கண்ணாடி மாதிரி மெல்லிசாக மேலே இழுங்கள். அடியில் உள்ள வெளிச்சம் நீலத்தினூடே தெரியும். இரண்டு மெல்லிய பூச்சு, ஒரு தடித்த பூச்சைவிட நல்லது.

கைகளைக் கவனியுங்கள். பால் ஊற்றுகிறவள் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். மணிக்கட்டும் புறங்கையும் வெயிலில் கறுத்தது, அதற்கு மேலே சட்டைக்குள் இருந்த தோல் வெளிறியது. வேலை செய்கிற கை என்று சொல்ல அந்த நிற வித்தியாசமே போதும். மகளின் கையில் அது வாட்ச் கட்டின தழும்பாக இருந்தது, அதைப் போட்டேன்.

தலைமுடியை இழை இழையாக வரையாதீர்கள். பிள்ளையின் தலையை ஒரு பாத்திரமாக நினைத்து வெளிச்சத்தையும் நிழலையும் வையுங்கள். வகிடு ஒரே இழுப்பு. விரல்கள் முடிக்குள் புகும் இடத்தில் ஓரமே வேண்டாம், ஈரத்தில் கரைந்துபோகட்டும். கண் தாழ்ந்திருப்பதால் தாயின் முகம் சுலபம், இமை மட்டும்தான். நாற்பது வருஷம் விழித்த கண்களாகவே வரைந்த எனக்கு அந்தத் தாழ்ந்த இமை ஒன்பது நாள் பிடித்தது.

கடைசியில் புள்ளிகள். பால் ஊற்றும் படத்தில் ரொட்டியின்மேல் வெர்மீர் வெளிர் நிறப் புள்ளிகளாக வைத்திருப்பார். மொறுமொறுப்பு கண்ணுக்கே கேட்கும். துளை வழியாக வெளிக்காட்சி உள்ளே விழும் இருட்டுப்பெட்டிக் கருவியில் பார்த்து வரைந்தாரா இல்லையா என்ற சண்டை இதை வைத்துத்தான். அதை ஆராய்ச்சிக்காரர்களே தீர்த்துக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, காய்ந்த பூச்சின்மேல், எண்ணெய் குறைத்த கெட்டி வண்ணத்தை, சின்ன உருட்டு பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டு எடுப்பது. வெளிச்சம் விழும் மேட்டில் மட்டும், நிழலில் ஒன்றுகூடக் கூடாது. என் படத்தில் மேசைமேல் ஒரு பன் வைத்து ஆசை தீரப் புள்ளி குத்தினேன். "எள்ளு தூவினீங்களாப்பா?" என்றாள் மகள். பாதியைத் துடைத்தேன்.

காயவிடுவது

லைடன் ஊரில் ஜெரிட் டௌ என்று அந்தக் கால ஓவியர் ஒருவர். தூசி விழாமல் இருக்கப் படத்துக்குமேல் குடை பிடித்து வைத்திருந்தாராம். நகத்தளவு விளக்குமாற்றுக்கு மூன்று நாள் செலவழித்தார் என்றும் கதை உண்டு. நம் வீட்டில் தூசியைவிடத் தாளிப்பு ஆபத்து. சமையலறையில் வைத்த என் படத்தின் வலது மூலையில் ஒரு கடுகு வெடித்து ஒட்டியிருக்கிறது. எடுக்கப் பார்த்தேன், வண்ணமும் சேர்ந்து வந்தது, விட்டுவிட்டேன்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே போடாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை, தண்ணீரில் முக்கி வெளியே வையுங்கள்.

ஜனவரியில் விசா முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது, அரைகுறைப் படத்தைத் துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பிரித்தால் சுவரெல்லாம் மஞ்சள், புகையிலைக் கடைச் சுவர் மாதிரி. லின்சீட் இருட்டில் மஞ்சளாகும். பயப்பட வேண்டாம், ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் இரண்டு வாரம் வைத்தேன், பெரும்பாலும் தெளிந்துவிட்டது. காயும் படத்தை இருட்டில் வைக்காதீர்கள். வார்னிஷுக்குக் குறைந்தது ஆறு மாதம் பொறுங்கள், தடித்த இடம் இருந்தால் ஒரு வருஷம்.

மாட்டும்போது அறையின் நிஜ ஜன்னல் படத்துக்கு இடப்பக்கம் வருகிற சுவராகப் பாருங்கள். வரைந்த வெளிச்சமும் விழுகிற வெளிச்சமும் ஒரே திசையாக இருக்கும். மகள் வீட்டில் அப்படி ஒரே ஒரு சுவர்தான், கழிவறைக்குப் போகிற நடையில். அங்கேதான் மாட்டியிருக்கிறார்கள். ஆணி அடிக்கவில்லை, ஒட்டுப் பட்டை.